தவிட்டுக்குப் போன தொரை

எட்டு என்ற எண்ணைக் கண்டு நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பயப்படாமல் இருந்திருந்தால் பழனாத்தாளுக்கு இந்தக் கதி வந்திருக்காது. எனக்கும் அவளைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் வேலை அவளுக்கு. சங்கு ஊதினால் போவாள், சங்கு ஊதினால் வருவாள். பேப்பரில் போடுகிற அளவுக்குப் பெரிய மனுஷி அல்ல. பெரிய மனுஷர்களைப் பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் பேனாவும் கையுமாக அலைகிறார்கள். அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

என்னையும் சொல்லிவிடுகிறேன். பெயர் பிரகாசம். அதே மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்கு. வளவில் எல்லோருக்கும் நான் ரைட்டர். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிப் படித்ததால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இந்தக் கதையில் முதல் குற்றவாளி அந்தக் கையெழுத்துதான்.

வளவு என்பது பாப்பநாயக்கன்பாளையம் போகிற வழியில் பாலுசாமிப் பண்ணாடி கட்டிவிட்ட வாடகை வீடுகள். இந்தப் பக்கம் ஆறு வீடு, அந்தப் பக்கம் ஆறு வீடு, நடுவில் ஒரு சிறுவாணிக் குழாய், தலைமாட்டில் பண்ணாடியின் மச்சு வீடு. அவிநாசிப் பக்கம் தோட்டம் துரவு என்று இருந்த மனிதர், அதனால்தான் பண்ணாடி. மில்லுகள் முளைத்ததைப் பார்த்து, பருத்தி விதைப்பதைவிடப் பருத்தி நூற்கிறவர்களைக் குடிவைப்பது லாபம் என்று கண்டுகொண்டார். கெட்டிக்காரர்தான். அவரைக் கெட்டவர் என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தொலைத்திருக்கலாம்.

எங்கள் சீமையின் மரியாதை உலகத்துக்கே தெரியும். அடிக்க வருகிறவன்கூட, 'கொஞ்சம் திரும்புங்க' என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பான். பண்ணாடி அதிலும் ஒரு படி மேல். வழியில் நாய் படுத்திருந்தால், "கொஞ்சம் அக்கட்டப் படுத்துக்குங்க" என்று நாயிடமே சொல்வார். இப்படிப்பட்டவர் குடித்தனக்காரர்களைக் கண்டிப்பது எப்படி? வாயால் சொன்னால் மரியாதைக் குறைவு. அதனால் ஒரு பலகை வாங்கிவந்து, நீல பெயிண்டும் வாங்கிவந்து, என்னைக் கூப்பிட்டார்.

முப்பத்திநாலாம் வருஷம், ஆடி மாதம். நான் குந்தி உட்கார்ந்து எழுதினேன், அவர் நின்றுகொண்டு சொன்னார். விளக்கு வைத்த பிறகு உலக்கை போடக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. குழாயடியில் முறை தவறக் கூடாது. கருவாடு சுடக் கூடாது. இது நாலாவது, இதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டு அப்போதுதான் சைவமாகியிருந்தார். புது சைவருக்கு மூக்கு நீளம். பிறகு சீட்டாட்டம், கிராமபோன், கொடித்துணி. எட்டாவதாக, வெளியாட்கள் ஒரு நாழிகைக்கு மேல் தங்கக் கூடாது.

"எத்தனை ஆச்சுங்க ரைட்டரே?"

"எட்டுங்க."

பண்ணாடியின் முகம் சுண்டிப்போயிற்று. "எட்டுங்களா? எட்டு நமக்கு ஆகாதுங்களே. எங்க ஐயன் போனது எட்டாந்தேதி. எட்டாவது வெட்டுன கெணத்துல பாறை உளுந்துபோச்சு."

"அப்ப ஒண்ணைக் கொறைச்சரலாமுங்களா?"

மேலிருந்து கீழே பார்த்தார். பெற்ற பிள்ளைகளில் எதைத் தள்ளுவது என்பதைப் போல ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "வேண்டாமுங்க, ஒண்ணு சேத்துப்போடுங்க. ஒம்பது ராசியான நெம்பரு" என்றார்.

"என்னன்னு சேக்கறதுங்க?"

அவருக்கும் தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். குழாயடி ஈரத்தில் வயிற்றைப் போட்டுக்கொண்டு ஒரு நாய் படுத்திருந்தது. பாவி, அந்த நேரம் பார்த்துத்தானா அது கொட்டாவி விட வேண்டும்?

"நாய் வளக்கக் கூடாதுன்னு போடுங்க" என்றார் பண்ணாடி.

வெற்றிலை எச்சில் துப்பக் கூடாது என்று போடலாமே என்று எனக்கு உடனே தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. ஆனால் வெற்றிலை போடுகிறவன் நான். வாயை மூடிக்கொண்டு எழுதினேன். 'குடியிருப்போர் நாய் வளர்க்கக் கூடாது.' பலகைக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, வளவின் வாசலில் மாட்டினார்கள்.

அந்த நாய் பழனாத்தாளுடையது. வளவில் வேறு யாரிடமும் நாய் கிடையாது. வளவு பூராவுக்கும் போட்ட சட்டம் ஒரே ஒரு ஜீவனைத்தான் கடித்தது.

பழனாத்தாள் மூன்றாம் நம்பர் வீட்டில் தனியாக இருந்தாள். வயது நாற்பது இருக்கும். பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது பெரியநாயக்கன்பாளையம், வாழ்ந்தது கோயமுத்தூர் மில்லில். புருஷன் மாசாணம் பஞ்சு அடிக்கிற பகுதியில் வேலை பார்த்தான். பத்து வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துவிட்டு, இருமி இருமி ஒரு மார்கழியில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. சாவதற்கு ஆறு மாதம் முன்னால் பஞ்சுக் கிடங்கில் கிடந்த குட்டி ஒன்றைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்து இவள் மடியில் விட்டிருந்தான். செம்பட்டை நிறம். வெயில் சுள்ளென்று முதுகில் படும்வரை எழுந்திருக்காது. "எங்க தொரை எந்திரிச்சாச்சா?" என்று மாசாணம் காலையில் கேட்பானாம். அதுவே பெயராகிவிட்டது. அவன் விட்டுப்போன சொத்து ஒரு குடை, ஒரு தகரப் பெட்டி, இந்தத் தொரை. குடை மறு வருஷமே கிழிந்துவிட்டது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலகை மாட்டிய அன்று மில்லிலிருந்து வரும்போது என்னை நிறுத்தினாள். பக்கத்திலேயே தொரை, வாலை ஆட்டிக்கொண்டு.

"ஏனுங்க ரைட்டரய்யா, என்னங்க எழுதியிருக்குது?"

படித்தேன். எட்டு வரை படித்துவிட்டு நிறுத்தினேன்.

"கடைசீல இன்னொரு வரி இருக்குதுங்களே?" என்றாள். படிக்கத் தெரியாவிட்டாலும் நூல் கண்டு எண்ணுகிறவள். அவளை ஏமாற்ற முடியுமா?

ஒன்பதாவதையும் படித்தேன். அவள் குனிந்து நாயின் காதிலிருந்து ஒரு உண்ணியைப் பிடுங்கிக் காலால் நசுக்கினாள். "இது அவிய கொண்டாந்ததுங்களே" என்றாள். அவிய என்றால் மாசாணம். செத்தவன் கொண்டுவந்ததற்குப் பலகையில் எங்காவது விலக்கு இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

அதன் பிறகு மூன்று வாரம் நடந்ததை யாராவது வெளியூர்க்காரன் பார்த்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பான். பண்ணாடி குழாயடிப் பக்கம் வருவார். "நாய் நல்லா இருக்குதுங்க அம்மணி" என்பார். "உங்க புண்ணியமுங்க" என்பாள் இவள். "தோட்டங்காட்டுல இருந்தா இன்னும் நல்லா இருக்குமுங்க" என்பார். "நீங்க சொன்னா செரியாத்தானுங்க இருக்கும்" என்பாள். இருவரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள். மறுநாள் நாய் அங்கேயே படுத்திருக்கும். கடைசியில் பண்ணாடிக்கே பொறுக்கவில்லை.

"அம்மணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. வர்ற அமாவாசையோட இந்த வளவுல ஒண்ணு நீங்க இருக்கோணும், இல்லாட்டி அது இருக்கோணுமுங்க. ஆருன்னு நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க."

அட, என்ன தாராளம்! அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நாய் எங்கே வீடு எடுத்துக் குடியிருக்கப் போகிறது? ஆனால் அந்த வாக்கு எப்படிப் பலித்தது என்பதைப் பின்னால் பாருங்கள்.

பழனாத்தாள் சும்மா இருக்கவில்லை. முதலில் பெரியநாயக்கன்பாளையத்தில் கொழுந்தன் வீட்டில் நாயைக் கொண்டுபோய் விட்டாள். மூன்றாம் நாள் காலை அது பன்னிரண்டு மைல் நடந்து, பாதமெல்லாம் கிழிந்து, குழாயடியில் வந்து படுத்துக்கொண்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வீடு தேடினாள். ஒரு வீட்டுக்காரர், "நாயா, தாராளமா இருக்கட்டுமுங்க, திருட்டுப் பயமில்லை. ஆனா ஒண்டிப் பொம்பளைக்கு ஊடு குடுக்கறதில்லீங்க" என்றாராம். அங்கே நாய்க்கு இடம் இருந்தது, இவளுக்கு இல்லை. தெருவில் விட்டுவிடலாம் என்றால் நாய் பிடிக்கிற வண்டி வாரம் தவறாமல் வருகிறது. அந்த வண்டியில் போன நாய் திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஒரு நாள் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பண்ணாடியிடம் போனாள். "அந்த ஒம்பதாவது வரிக்குப் பதிலா வேற ஏதாச்சும் எழுதிக்குங்க. நான் சத்தமாப் பேசக் கூடாதுன்னு எழுதுங்க. குழாயில கடைசியாத்தான் தண்ணி புடிக்கோணும்னு எழுதுங்க. நான் கேட்டுக்கறேனுங்க."

பண்ணாடி உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பலகைக்குப் பூசை போட்டாச்சுங்களே அம்மணி. சந்தனம் வெச்சதை அழிக்கலாமுங்களா? அழிச்சா மறுக்கா எட்டாயிருமுங்க."

திரும்பி வரும்போது வெற்றிலையை அன்றைக்கே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விடவில்லை என்பது வேறு விஷயம்.

அமாவாசைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாகப் பழனாத்தாள் தலைக்குத் தண்ணீர் வார்த்து, தொரையையும் குழாயடியில் கதறக் கதறக் குளிப்பாட்டி, அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, மச்சு வீட்டு வாசலில் போய் நின்றாள். பண்ணாடியின் சம்சாரம் சென்னியம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

"பண்ணாடிச்சிங்க, இந்தப் புள்ளையத் தவிட்டுக்கு வாங்கிக்கோணுமுங்க."

தவிட்டுக்கு விற்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். பிள்ளைகள் பிறந்து பிறந்து சாகிற வீட்டில், அடுத்த பிள்ளை தங்க வேண்டுமென்று அதைப் பக்கத்து வீட்டாருக்கு மூன்று கைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பெயருக்குத்தான் விற்பது. பிள்ளை பெற்றவளிடமே வளரும். எமன் வந்து கேட்டால், 'இது எங்க புள்ளையில்லீங்க' என்று சொல்லிக்கொள்ளலாம். எமனிடமும் மரியாதையாகப் பொய் சொல்லத் தெரிந்த சனங்கள் நாங்கள். பழனாத்தாளே அப்படித் தவிட்டுக்குப் போன பிள்ளைதான். இவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தக்கவில்லை. எமனை ஏமாற்றிய வித்தை ஒரு வீட்டுக்காரரை ஏமாற்றாதா என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறாள். குடியிருப்போர்தானே நாய் வளர்க்கக் கூடாது? நாய் வீட்டுக்காரருடையதாகிவிட்டால்?

சென்னியம்மாள் தடுமாறிப்போனார். ஆனால் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, குங்குமம் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிற பிள்ளையை வேண்டாமென்று எந்தப் பெண்பிள்ளை சொல்வாள்? முறத்தில் தவிடு கொண்டுவந்தார். தொரையை முறத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மூன்று கைத் தவிட்டைப் பழனாத்தாள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். மீதமிருந்த தவிட்டைத் தொரை நக்கிப் பார்த்துவிட்டுத் தும்மியது. தன் விலை தனக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது.

பண்ணாடி பல் குச்சியோடு வந்து பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "விதிப்படி செரிங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. குழாயடியில் எல்லோரும் சிரித்தோம். பழனாத்தாள் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். முன்பல் ஒன்று இல்லாத அந்தச் சிரிப்பில் பத்து வயது குறைந்தாள். தவிட்டை ஒரு துணியில் முடிந்து, வீட்டு விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டாள்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. நாய் பெயருக்குப் பண்ணாடியுடையது, படுக்கை பழனாத்தாள் வீட்டில். பிறகு பிடித்தது சனி. அதிர்ஷ்டம் என்ற பெயரில் பிடித்தது. அந்த ஐப்பசியில் பண்ணாடி வீட்டில் மடி வற்றிக் கிடந்த எருமை கன்று போட்டது. கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்த வரப்பு வழக்கு ஜெயித்தது. அவிநாசிக் கிணற்றில் பாறைக்குக் கீழே தண்ணீர் வந்தது. சென்னியம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எல்லாம் தவிட்டுப் பிள்ளை வந்த பிறகு!

மறு வாரம் தொரைக்குப் புதுச் சங்கிலி வந்தது. மச்சு வீட்டு வாசல் தூணில் வளையம் அடித்து அதைக் கட்டினார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது குடித்தனக்காரர்களுக்குத்தானே.

"ஊட்டு லச்சுமியத் தெருவுல அலைய உடலாமுங்களா அம்மணி?" என்றார் சென்னியம்மாள் அன்பாக.

பழனாத்தாள் என்ன சொல்வாள்? "நீங்க சொன்னா செரிங்க" என்றாள். வேறு வார்த்தை எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்?

லட்சுமிக்கு வெண்கலத் தட்டில் தயிர்ச் சோறு வைத்தார்கள். தொரை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். பசி தாங்காதபோது நாலு வாய் தின்னும். விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது. காலையில் சங்கு ஊதி இவள் வேலைக்குப் போகும்போது ஒரு முறை, சாயங்காலம் திரும்பும்போது ஒரு முறை சங்கிலி இழுபட எழுந்து நிற்கும். இவள் பார்க்காத மாதிரி போவாள். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போவது எவ்வளவு கஷ்டமென்று அவள் நடையில் தெரியும்.

தை மாதம் ஒரு நாள் அவளுக்குத் தாங்கவில்லை. சந்தையில் ஒரு கை நெத்திலிக் கருவாடு வாங்கிவந்து, கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டுச் சுட்டாள். கருவாட்டு வாசத்தைச் சாக்கு தடுக்குமா? நான் என் வீட்டில் உட்கார்ந்திருந்தேன், எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தூணை நெருங்கியபோது பண்ணாடி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னமோ வாசம் வருதுங்களே அம்மணி."

அவள் ஒளிக்கவில்லை. "கருவாடுங்க. எனக்கில்லீங்க, உங்க நாய்க்குத்தானுங்க. பாவம், எளைச்சுப்போச்சு."

பண்ணாடி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "எங்க நாய் சைவமுங்களே!" என்றார்.

நான் இதை இட்டுக்கட்டவில்லை. ஏழு வீட்டுச் சனம் கேட்டது. அந்த நாய் சைவமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது, அதற்கு மட்டும்தான் தெரியாது.

அன்று சாயங்காலமே பண்ணாடி மூன்றாம் நம்பர் வாசலுக்கு வந்தார். கைகூப்பித்தான் பேசினார். நாலாம் விதி, பெரிய எழுத்தில் வேறு எழுதியிருக்கிறது, ஒருவரை விட்டால் பன்னிரண்டு வீட்டிலும் புகையும், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, மாசக் கடைசி வரைக்கும் இருந்துவிட்டுப் போகலாம். ஒன்று நீங்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இருக்க வேண்டும் என்று ஆவணியில் சொன்னாரே, தையில் கணக்குத் தீர்ந்தது. நாய் வளர்க்கக் கூடாத வளவில் நாய் இருந்தது, குடியிருக்க வேண்டியவள் வெளியே போனாள்.

"நாயக் கேட்டு வாங்கிக்குங்க" என்று என் மனைவி கிருபாவதி அவளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேளுங்க, போதும்."

பழனாத்தாள் காதைத் தொட்டுக்கொண்டாள். "தவிட்டுக்கு வித்த புள்ளையத் திருப்பிக் கேக்கக் கூடாதுங்க அம்மணி. கேட்டா அதுக்கு ஆயுசு கொறைஞ்சு போயிருமுங்க. எங்கம்மா சாகற வரைக்கும் என்னைய வாங்குனவிய ஊட்டுப் புள்ளைன்னுதான் சொன்னாங்க."

போகிற அன்று காலையில் தகரப் பெட்டி தலையில், மூட்டை கையில். சென்னியம்மாள் குளித்துக்கொண்டிருந்தார். பழனாத்தாள் மச்சு வீட்டு வாசல்படியில் ஒரு துணி முடிச்சை வைத்துவிட்டு, தொரையின் பக்கம் திரும்பாமல், வளவைத் தாண்டி முக்கில் புளியமரத்தடியில் போய் நின்றாள். அரை மணி நேரம் நின்றாள். நான் மில்லுக்குப் போகும்போது, "பஸ்ஸுங்களா?" என்றேன். "ஆமாங்க" என்றாள். கொழுந்தன் ஊர் வழியாகப் போகிற மேட்டுப்பாளையம் பஸ் அந்த முக்கில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டைம் ஆபீசுக்கு நேரமாயிற்றே!

இரண்டு வாரம் கழித்துச் சென்னியம்மாள் குழாயடியில் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பழனாத்தா நல்ல மனுசி. போறப்ப அந்தத் தவிட்டைக்கூட வெச்சுட்டுப் போயிட்டா. ஒருத்தர் பொருள் வேண்டாம்னு நெனைச்சிருப்பா. எருமைக்குப் போட்டேன், நல்லாத் தின்னுச்சு."

கிருபாவதி குடத்தை வைத்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. வாயால் கேட்டால்தானே ஆயுசு குறையும்? அவள் கேட்கவில்லை. விலையைத் திருப்பி வைத்துவிட்டு, அவர்களாகச் சங்கிலியை அவிழ்த்து விடுவார்கள் என்று முக்கில் நின்றிருக்கிறாள். நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். நாய் விற்ற தவிட்டை எருமை தின்றுவிட்டது.

நான் மானத்தை விட்டுப் பண்ணாடியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சென்னியம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். கண் கலங்கியது நிஜம். ஆனால் உடனே, "நாமளா எப்படிங்க அனுப்பறது?" என்றார். "தவிட்டுக்கு வாங்குன புள்ளைய வாங்குனவியளே வாசலைத் தாண்டி அனுப்புனா ஊட்டு லச்சுமியும் கூடப் போயிருவாளுங்களே. அவளே வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், தங்கமாக் குடுத்தர்றோமுங்க."

தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன். அவள் கேட்கக் கூடாது, இவர்கள் கொடுக்கக் கூடாது. நடுவில் தூணில் கட்டிய நாய்.

பழனாத்தாள் கொழுந்தன் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்துகொண்டு, பருத்தி அரைக்கிற ஜின்னிங் பாக்டரியில் வேலைக்குப் போனாள். ஒரு நாளும் வளவுப் பக்கம் வரவில்லை. வந்தால் நாய் பின்னாலேயே வந்துவிடும், கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். யாரையாவது பிடித்து எனக்குக் கார்டு எழுதச் சொல்வாள். 'தொரை சாப்பிடுதுங்களா?' அவ்வளவுதான் இருக்கும். ஒரு முறை இன்னொரு வரி கூட இருந்தது. 'சங்கிலி பழசாயிருக்குமே, இன்னும் கெட்டியா இருக்குதுங்களா?'

நான் என் முத்து முத்தான கையெழுத்தில் உடனே பதில் போட்டேன். 'சங்கிலி கெட்டியாக இருக்கிறது. கவலை வேண்டாம்.'

என் பதில் தபாலில் போன பிறகு கிருபாவதி பழனாத்தாள் அனுப்பிய கார்டைப் படித்தாள். "அட மடச் சாம்பிராணி!" என்றாள். கட்டின புருஷனை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சங்கிலி அவுந்து அதுவா ஓடியாந்தா, கேட்டதும் ஆகாது, குடுத்ததும் ஆகாது. அதுக்குத்தான் வழி தெரியுமே. பன்னெண்டு மைல் ஏற்கெனவே நடந்த நாய்தானே? உங்களை அவுத்து உடச் சொல்லியிருக்கறாங்க!"

எழுந்து போனேன். பொய் சொல்லவில்லை, போனேன். தொரை என் கையை நக்கியது. கழுத்துப் பட்டையில் ஒரு கொக்கி. கட்டைவிரலால் அழுத்தினால் திறந்துகொள்ளும். அழுத்தப் போகும்போது பண்ணாடி உள்ளேயிருந்து வந்தார். "என்னங்க ரைட்டரே, தொரைகிட்டப் பேச்சு?" நான் அதன் காதைச் சொறிந்துவிட்டு, "சும்மாங்க" என்றேன். அவர் மைத்துனர் எங்கள் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். எனக்கு வீடும் அவருடையது, வேலையும் பாதி அவருடையது. அதன் பிறகு எத்தனையோ தடவை அந்தத் தூணைத் தாண்டிப் போயிருக்கிறேன். வீட்டில் யாரும் இல்லாத நேரமும் இருந்தது. சும்மாதான் தாண்டிப் போனேன்.

முப்பத்தெட்டாம் வருஷம் மாசியில் தொரை தட்டைத் தொடாமல் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் பஸ் கண்டக்டரிடம் பழனாத்தாளுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் விடிகாலையிலேயே நாய் போய்விட்டது. பண்ணாடி தோட்டியை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

பத்து மணி சுமாருக்குப் பழனாத்தாள் வந்தாள். தலை பூராவும் நரைத்திருந்தது. ஒன்பது விதிப் பலகைக்குக் கீழே, வளவுக்கு வெளியிலேயே நின்றாள். கிடந்த நாயைத் தூரத்திலிருந்து பார்த்தாள். கண்டக்டர் வந்து சொன்னபோது உயிர் இருந்ததே என்று அவள் யாரையும் கேட்கவில்லை. பண்ணாடி எதிரே போனார், கையைக் கட்டிக்கொண்டு.

"பண்ணாடி, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க அம்மணி."

"தொரையக் குடுத்துருங்க. இனி கொறையறதுக்கு அதுக்கு ஆயுசு இல்லீங்களே. இப்பக் கேட்டாத் தப்பில்லீங்க."

பண்ணாடி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதர்தானே. "தாராளமா எடுத்துக்குங்க அம்மணி. மூணு வருசமா நீங்க இந்த ஒரு வார்த்தை கேக்கோணும்னுதானுங்க நாங்களும் காத்துட்டிருந்தோம்" என்றார்.

"செரிங்க" என்றாள் அவள். உள்ளே வந்து, முந்தானையை விரித்துத் தரையில் உட்கார்ந்தாள். நாயைத் தூக்க முடியவில்லை. சங்கிலி தூணோடு இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உடனே திறந்துகொண்டது.